பத்து ஸ்டாப் ஃபில்டரும் பழுப்பேறிய கடலும்: கேள்வி பதில்

அண்ணா, பெசன்ட் நகர் உடைந்த பாலத்தில் விடியற்காலையில் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு எடுத்தேன். படம் முழுக்கச் செம்பழுப்பு. ஃபில்டர் போலியா?

போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. பத்து ஸ்டாப் ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியை 1024-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஆனால் பல ஃபில்டர்கள் அகச்சிவப்பை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சாதாரண நாளில் அது கணக்கிலேயே வராது. மற்ற ஒளியெல்லாம் அடங்கிய பிறகு செம்பழுப்பாகத் தலைதூக்கிவிடும்.

ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் நுரை வெள்ளைதானே என்று லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) டிராப்பரை நுரைமேல் வைக்காதீர்கள். விடியலில் நுரையும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். அதை வெள்ளையாக்கினால் விடியலே போய்விடும். நான் செய்வது இது: ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிட்டு, ஃபில்டர் மாட்டும் முன் ஒரு படம், மாட்டிய பின் ஒரு படம். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டாவதன் ஒயிட் பேலன்ஸை முதலாவதோடு ஒத்துப்போகும்வரை நகர்த்துவேன். அப்புறமும் செடி, கறுப்புத் துணி மட்டும் சிவந்து நின்றால் அவற்றுக்குத் தனியாக மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) நிறத்தைக் குறைத்துவிடுங்கள்.

எனக்குப் படத்தின் நடுவில் மட்டும் ஊதாப் பட்டை விழுகிறது. டிஎஸ்எல்ஆர்.

வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஒளி உள்ளே வருகிறது. கறுப்பு டேப் ஒட்டி மூடுங்கள்.

சார், மெரினாவில் சூரியன் வரும் முன் கேமராவின் ஒளி மீட்டர் 1/15 விநாடி காட்டியது. பத்து ஸ்டாப்புக்குக் கணக்குப் போட்டு 68 விநாடி வைத்தேன். வானம் வெளுத்துப்போய்விட்டது. கணக்கு தப்பா?

கணக்கு சரி, நேரம்தான் தப்பு. மீட்டர் பார்த்து, ஃபில்டரைத் திருகி, ட்ரைபாட் மணலில் புதைவதைச் சரிசெய்து, பக்கத்தில் சுண்டல் வேறு வாங்கியிருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வெளிச்சம் எங்கோ போயிருக்கும். பொழுது விடியும்போது, ஷட்டரை அழுத்தும் முன் மீண்டும் மீட்டர் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.

வெளுப்பதைத் தவிர்க்க ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 50-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் இறக்கி, ஒரு காலை நேரத்தையே வீணாக்கியவன். அடிப்படை ஐஎஸ்ஓ 100 உள்ள பல கேமராக்களில் 50 என்பது, கூடுதல் ஒளியில் எடுத்துவிட்டு உள்ளேயே இருட்டாக்கித் தருவதுதான். ஹைலைட் (படத்தின் மிக வெளிச்சமான பகுதி) ஒரு ஸ்டாப் முன்னதாகவே வெளுத்துப் போய்விடும்.

எடுத்த படத்தை மீட்க வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) பாருங்கள். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருந்தால் ஹைலைட் ஸ்லைடர் ஓரளவு இழுத்து வரும். சூரியனைச் சுற்றி மஞ்சள் திட்டு தெரியலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் முட்டியிருந்தால் அங்கே எதுவும் இல்லை. இழுத்தால் சாம்பல் பூச்சுதான் வரும்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் எடுக்கும்போது ஹெட்லைட் கோடுகள் நிறமே இல்லாமல் வெள்ளையாகின்றன. 30 விநாடியை 10 ஆக்கியும் மாறவில்லை.

மாறாது. ஓடும் வண்டியின் விளக்கு சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் கண நேரம்தான் படுகிறது. அதனால் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐஎஸ்ஓவும்தான். ஷட்டர் நேரம் கூடினால் கோடுகள் கூடும், பின்னணி வெளிச்சமாகும். எஃப்/8-ல் இருந்தால் திறப்பைச் சுருக்கி எஃப்/11, எஃப்/13 போய்ப் பாருங்கள். கட்டடங்கள் இருட்டினால் ஷட்டரைக் கூட்டுங்கள். முழுக்க இருட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம், வானம் கொஞ்சம் நீலமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அதே படத்தில் ஒரு பக்கம் சோடியம் விளக்கு, மறுபக்கம் எல்ஈடி. எதற்கு ஒயிட் பேலன்ஸ் வைப்பது?

எல்ஈடிக்கு வைத்துவிட்டு, சோடியம் பக்கம் மாஸ்க் போட்டு ஆரஞ்சைக் குறைக்கலாம். ஆனால் சோடியம் ஒளியில் பல நிறங்கள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. இல்லாத நிறத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. நான் அந்த ஆரஞ்சைப் பாதியளவு அப்படியே விட்டுவிடுவேன். மாலைச் சென்னைக்கு அது ஒன்றும் அசிங்கம் இல்லை.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனேன், படமெல்லாம் வெள்ளைப் புகை. ஓவர் எக்ஸ்போஷரா?

லென்ஸில் பனி படிந்திருக்கிறது. கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் விடுங்கள்.