மேட்டூர் நிரம்பியும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்கிறார்களே, எப்படி?

கேள்வி இது: “மேட்டூர் நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிறது. அடுத்த வாரமே திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தண்ணீர் கேட்டு சாலை மறியல். யார் சொல்வது உண்மை?”

இரண்டுமே உண்மைதான். எங்கள் ஊர் காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். எங்களுக்குக் கீழே இன்னும் நாலைந்து ஊர், அதற்கப்புறம் கடல். அப்பா பங்கும் சித்தப்பா பங்கும் சேர்த்து அரை வேலி, அதாவது பத்து மா, மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். வேலை திருச்சியில் என்றாலும் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊரில்தான் இருப்பேன்.

பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சமையல்கட்டில் அண்டா நிறைய சோறு இருக்கும். கடைசி இலைக்காரன் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

முதலில் அண்டாவின் அளவு. மேட்டூர் 120 அடியில் 93.47 டிஎம்சி பிடிக்கும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). விநாடிக்கு 12,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒரு டிஎம்சி காலி. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், 231 நாள். வரத்து நின்றுபோனால் நிரம்பிய அணைகூட இந்தக் கணக்கில் மூன்று மாதம்தான் தாங்கும். மீதிக்கு மேலே பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் இங்கே பெய்யும் மழையும் கைகொடுக்க வேண்டும்.

இப்போது காவிரித் தண்ணீரில் நமக்குள்ள உரிமை. 1924 ஒப்பந்தம், 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பெரிய கதை. முடிவு மட்டும் சொல்கிறேன்: தமிழ்நாட்டுப் பங்கு 404.25 டிஎம்சி, அதில் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது வருஷத்துக்கு 177.25. மாதவாரி அட்டவணையும் உண்டு. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்ட்டுக்கு 45.95. ஜூன் கணக்கைக் கவனியுங்கள். அட்டவணைப்படி சொட்டு குறையாமல் வந்தாலும் 9.19-ஐ வைத்துக் குறுவைக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லுக்கு, அணை திறக்க முடியாது. போன வருஷம் மிச்சம் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால்தான் ஜூன் 12. அதனால்தான் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதி தவறிப்போனது. 2024-லும் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்.

இன்னொன்று, எங்கள் ஊரில் யாருக்கும் ஆறாத கோபம். நடுவர் மன்றம் கொடுத்த 419-ல் உச்ச நீதிமன்றம் 14.75-ஐக் குறைத்தது. 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10, தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்று. கும்பகோணம், பாபநாசம் பக்கம் போர் போட்டவர்களுக்குச் சரி, ஆறு வருமுன்பே பம்புசெட்டில் குறுவை நட்டுவிடுவார்கள். எங்களுக்கு? போர் இறக்கினால் உப்புத் தண்ணீர். கூட்டுக்கணக்கில் டெல்டா என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் உப்பும் நல்ல தண்ணீரும் ஒன்றாகிவிடுகிறது.

சரி, பிலிகுண்டுலு தாண்டி வந்தாயிற்று, மேட்டூரும் திறந்தாயிற்று. கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு தென்பெரம்பூரில் பிரியும், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அதற்கும் கீழே சி வாய்க்கால், டி வாய்க்கால் என்று வயல் பக்கம் போகும் சின்னக் கிளைகள். இந்த வழி முழுக்க ஒவ்வொரு மதகிலும் ஒருத்தர் குடித்த பிறகுதான் எங்கள் மதகு. மாநிலத்துக்கு மாநிலம் உரிமையை டிஎம்சியில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் வயலுக்கு இத்தனை என்று எங்கும் எழுதவில்லை. தண்ணீர் குறைவு என்றால் முறை வைப்பார்கள்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. அந்த முறைதான் எங்கள் உரிமைப் பத்திரம்.

ஒரு வருஷம் நடந்தது. காய்ந்த மண்ணிலேயே விதைக்கிற புழுதி விதைப்பாகச் சம்பா போட்டிருந்தோம். ஒரு மழையில் முளைத்துவிட்டது, பிறகு மழை இல்லை. பயிருக்கு உயிர்த்தண்ணீர் தேவை. எங்கள் முறை வந்த அன்று ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பாவும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு, ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரியும் தலைப்புக்குப் போனோம். ரெகுலேட்டர் சுவரில் வெள்ளை பெயின்ட்டில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். இரண்டே முக்கால் அடி நின்றது.

“நாலடி நின்னாத்தான்டா நம்ம மதகுல ஏறும். இது ஆத்துக்குள்ளயே படுத்துக் கெடக்குது” என்றார் சித்தப்பா.

ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறோம், வாய்க்காலில் ஏறாது. மட்டம் வேண்டும். கரையோடு இரண்டு கிலோமீட்டர் மேலே நடந்தால், ஒரு வளைவில் யாரோ மண்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களைத் திட்ட வாய் வரவில்லை. அவர்கள் நாற்றும் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கர் அண்ணன் வந்து, “நான் என்ன தம்பி பண்றது, மேலேர்ந்தே கம்மியாத்தான் வுடுறாங்க” என்றார். அவர் ஒருத்தர் பார்ப்பதோ மூன்று பேர் பார்க்க வேண்டிய கரை. காலையில் அலுவலகத்துக்குப் போனால் பதிவேட்டில் எங்கள் வாய்க்காலுக்கு முழு அளவு விட்டதாக எழுதியிருந்தது. பேனாவில் பாய்ந்த தண்ணீர்.

“அப்புறம் ஏன் கொள்ளிடத்தில் கடலுக்கு விடுகிறார்கள்?” என்று நண்பர்கள் கேட்பார்கள். 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. 22-ம் தேதி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தே போயின. அந்த மாதமும் எங்கள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்தான். வெள்ளத்தை அப்படியே வெண்ணாற்றில் திருப்பினால் கரை உடைந்து தஞ்சாவூருக்குக் கீழே எல்லாம் ஏரியாகிவிடும். கொள்ளிடம் வடிகால்; பெருவெள்ளம் அதில்தான் போயாக வேண்டும். ஆனால் வெண்ணாறு தாங்குகிற அளவையாவது முழுசாகக் கடைசி வரை கொண்டுவரலாம். அதற்கு சி, டி வாய்க்காலைச் சித்திரை வைகாசியிலேயே தூர்வார வேண்டும். பல வருஷம் தண்ணீர் கல்லணை தாண்டிய பிறகுதான் பொக்லைன் வந்து நிற்கும்.

அதனால் அடுத்த முறை செய்தி பார்க்கும்போது மேட்டூர் எத்தனை அடி என்பதோடு, கல்லணையில் வெண்ணாற்றுக்கு எத்தனை கன அடி விட்டார்கள், எத்தனை நாள் விட்டார்கள் என்றும் பாருங்கள். நான் திருச்சியிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, தலைப்புச் சுவரில் எத்தனை அடி என்று கேட்பேன்.

அந்த வருஷம் தண்ணீர் ஏறியது, பதினோரு நாள் கழித்து. பத்து மாவில் ஆறு மா தேறியது. மீதி நாலு மாவில் மாட்டை அவிழ்த்துவிட்டோம்.