வேத சக்கரத்துக்குள் மைனர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்காக வாய்ப்பாட்டுப் படித்தவள். இப்போது எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காகக் கீபோட் பழகுகிறேன். ஏ மைனர் என்ற ஒன்றுக்கே நச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் என மூன்று ஸ்கேல்கள் தரப்பட்டுள்ளன. மூன்றாவது ஏறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது வேறுவிதமாகவும் போகிறது. மைனர் என்றால் சோகம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. நாங்கள் படித்த இராகங்களைக் கொண்டு இதனைப் புரிந்துகொள்ள வழியுண்டா?

வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

வழியுண்டு. நீங்கள் மனனம் செய்த மேளகர்த்தா அட்டவணையில், அதாவது 72 தாய் இராகங்களின் பட்டியலில், நான்காவது தொகுதியான வேத சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஆறு மேளங்களுக்கும் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம் என்பவை பொது. ஆறாம், ஏழாம் சுரங்களாகிய தைவதமும் நிஷாதமும் மட்டுமே மாறும். நச்சுரல் மைனர் 20ஆவது மேளமாகிய நடபைரவி, ஹார்மோனிக் மைனர் 21ஆவதாகிய கீரவாணி, மெலோடிக் மைனரின் ஏறுமுகம் 23ஆவதாகிய கௌரிமனோகரி. ஆகவே மூன்றிலும் கீழ்ப்பாதி ஒன்றே. மைனரை மைனராக்குவது அங்குள்ள சாதாரண காந்தாரம்.

மேற்பாதி ஏன் மாறுகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நிலை. மேலைத்தேய இசையில் மெட்டுக்குக் கீழே கோட் எனப்படும் சுரச்சேர்க்கைகள் நடக்கின்றன. ஏயை ஷட்ஜமாகக் கொண்ட ஏ மைனரில் பஞ்சமத்தின் மேல் எழும் கோட் ஈ, ஜி, பி. இதிலுள்ள ஜி கைசிகி நிஷாதம் என்பதால், மேல் ஷட்ஜத்துக்கு ஒரு முழுச் சுரத் தூரம் இருக்கிறது, திரும்பிப் போகவேண்டும் என்ற உந்துதலும் குறைவாகவே இருக்கிறது. அதனை ஜி ஷார்ப் ஆக்கிக் காகலி நிஷாதமாக உயர்த்தினால், ஷட்ஜம் அரைச் சுரத் தூரத்தில் நிற்கும். கேட்பவரின் காது அங்கே போய்ச் சேராமல் அமையாது. கீரவாணியின் வடிவம் மேலைத்தேயத்தாருக்குத் தேவைப்பட்டது இதற்காகத்தான். ஆனால் சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி விழுந்துவிடுகிறது. கீரவாணி பாடும் எங்களுக்கு அது அழகு. பல குரல்கள் சேர்ந்து பாடும் அவர்களது மரபில் அது கடப்பதற்குக் கடினமான தாவலாகக் கருதப்பட்டது. எனவே ஏறும்போது தைவதத்தையும் சதுஸ்ருதியாக உயர்த்திப் படியைச் சமப்படுத்தினார்கள். இறங்கும்போது ஷட்ஜத்தை விட்டு விலகுவதால் அந்த இழுவிசை வேண்டியதில்லை, நடபைரவிக்கே திரும்பிவிடலாம். இது பாடநூல் விதி. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் போன்றோரின் ஆக்கங்களில் உயர்ந்த வடிவமே இறங்குமுகத்தில் வரும் இடங்களும் உண்டு.

இதனால் இவற்றை மூன்று தனி ஸ்கேல்களாக எண்ணாமல், ஒரே மைனர் சந்தர்ப்பத்துக்கேற்பத் தன் தைவத நிஷாதங்களை மாற்றிக்கொள்கிறது என்று எண்ணுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பைரவி வர்ணம் பாடியிருப்பீர்கள்: ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். நிஷாதம் அங்கே உயர்வதில்லை. காரணமும் கோட் அல்ல, இராகத்தின் சஞ்சாரமே. ஆயினும் ஒரே தைவதம் இரு வடிவங்களில் வருவது உங்கள் காதுக்குப் புதிதல்ல.

வேத சக்கரத்தில் நான் விட்ட 22ஆவது மேளம் கரகரப்பிரியா. அதுவே மேலைத்தேயத்தார் டோரியன் என்று அழைக்கும் ஸ்கேல். சி முதலான வெள்ளைக் கட்டைகளைச் சங்கராபரணமாக வாசித்துவிட்டு, அதே கட்டைகளில் டியை ஷட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் அது கிடைக்கும். ஈயை வைத்தால் தோடி, அதாவது பிரிஜியன். ஏயை வைத்தால் நடபைரவி. மூன்றிலும் சாதாரண காந்தாரமே. பியில் தொடங்கினால் சுத்தமான பஞ்சமம் அமையாததால் அதற்கு எங்கள் அட்டவணையில் இடமில்லை.

சோகம் என்ற எண்ணத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கரகரப்பிரியாவை விரித்து வாசிக்கும்போது யாரும் அதனை ஒப்பாரியாகக் கேட்பதில்லை. வேகம், தாளம், சொல், சுருதியின் உயரம் எல்லாம் சேர்ந்தே உணர்வு பிறக்கிறது.

இடக்கையில் ஈ, ஜி, பி சேர்த்து அழுத்தி ஏ மைனர் கோட்டுக்கு வாருங்கள். பின்பு ஈ, ஜி ஷார்ப், பி அழுத்தி அதே கோட்டுக்கு வாருங்கள். இரண்டாவதில் வரும் ஜி ஷார்ப்பை, கட்டையைத் தொடாமல், முதலில் கீரவாணியின் நிஷாதமாகப் பாடிப் பாருங்கள். கீபோட் கமகம் எனப்படும் சுர அசைவைத் தராது என்பதால் பைரவியையும் தோடியையும் அதில் தேடவேண்டாம்; அவற்றின் சுரத்தானங்களை மட்டும் அது காட்டும், இந்தப் பாடத்துக்கு அதுவே போதும்.