துக்க வீட்டில் நெஞ்சுவலி: சோடாவா, ஈசிஜியா?

தஞ்சாவூர்ப் பக்கம் இதய வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாரடைப்பு போலவே தெரியும், பெரிய அதிர்ச்சியில் வரக்கூடிய, ‘டகோட்சுபோ’ என்று டாக்டர்கள் எழுதும் இதயத்தசைக் கோளாறைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

திருவையாறு வாசகர்: அப்பா காரியம் முடிவதற்குள் அம்மாவுக்கு (62) நெஞ்சுவலி வந்துவிட்டது சிஸ்டர். மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு அடைப்பே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். டகோட்சுபோவிலும் ஈசிஜி மாறும், இதயத்தசை அடிபட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். அதுவரை மாரடைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆஞ்சியோவில்தான் ரத்தக்குழாய் திறந்திருப்பது தெரியும். எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்த்தால் இடது கீழறையின் நுனிப்பகுதி சுருங்காமல், அடி பருத்துக் கழுத்து குறுகிய குடம் போல உப்பியிருக்கும். பெரிய அதிர்ச்சியில் அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்ந்து தசையைத் தற்காலிகமாக முடக்கிவிடுகின்றன என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். அடைப்பு இல்லை என்பதால் சும்மா பயமுறுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் சில நாட்கள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், பிரஷர் இறங்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம்.

மன்னார்குடி: முன்பெல்லாம் சாவே விழவில்லையா? இப்போது மட்டும் ஏன் இத்தனை பேருக்கு?

நியாயமான கேள்வி. இதை முதலில் விவரித்ததே 1990-இல், ஜப்பானில். அதற்கு முன் இறந்தவர்கள் எல்லாம் ‘ஏக்கத்தில் போயிட்டாங்க’ கணக்கில் சேர்ந்தார்கள். ஆஞ்சியோ எடுக்காமல் இதை உறுதி செய்வது கஷ்டம். ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேப் எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஆனால் அது மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 2006 முதல் 2017 வரை 1,35,000-க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்ததில், 50 முதல் 74 வயதுப் பெண்களிடம் மிக வேகமாகக் கூடியிருந்தது. 2020-இல் கொரோனா தொடங்கிய மாதங்களில், அங்கே ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளுக்கு மாரடைப்பு மாதிரி அறிகுறியோடு வந்தவர்களில் 7.8 சதவீதம் பேருக்கு இதுதான். அதற்கு முன் 2 சதவீதத்துக்கும் கீழே. அவர்களுக்குக் கொரோனா தொற்றும் இல்லை.

தஞ்சாவூர்: எங்கள் அத்தைக்கு ஒரு கவலையும் கிடையாது. அவருக்கும் இதையே சொல்கிறார்கள். மருமகள் படுத்திய பாடு என்று ஊரே பேசுகிறது.

ஊர் வாயை மூட முடியாது, ஆனால் இந்த விசாரணையை வீட்டுக்குள் நடத்தாதீர்கள். 2015-இல் வெளியான 1,750 நோயாளிகளின் ஆய்வில், மனவேதனையால் வந்தது சுமார் 28 சதவீதம்தான். உடல் காரணம் 36 சதவீதம்: ஆபரேஷன், மூச்சுத்திணறல், பக்கவாதம் போன்றவை. இன்னொரு 28 சதவீதத்தினருக்குக் காரணமே தெரியவில்லை. பாவம், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

பட்டுக்கோட்டை: 2018-இல் கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த வாரம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவும் இதுதானா? இப்போது எக்கோ எடுத்தால் தெரியுமா?

தெரியாது. உப்பிய தசை பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். அன்றைய ஈசிஜி, ஆஞ்சியோ ஃபைல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பேரிடருக்குப் பிறகு இது கூடுவது உண்மைதான். 2004-இல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பின் அப்படிப் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆண் என்றால் நான் முதலில் அடைப்பைத்தான் சந்தேகிப்பேன். இந்தக் கோளாறு ஆண்களுக்குக் குறைவாகவே வரும், வந்தால் ஆபத்து கூடுதல். 2016-20 அமெரிக்கக் கணக்கில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் பெண்களில் 5.5 சதவீதம், ஆண்களில் 11.2.

மயிலாடுதுறை: சந்தோஷத்தில் வருமா?

வரும், அபூர்வமாக. ஓர் ஆய்வில் மனக்கிளர்ச்சியால் வந்த 485 பேரில் 20 பேருக்கு மகிழ்ச்சிதான் காரணம். கல்யாணத்தை எல்லாம் தள்ளிப்போட வேண்டாம்.

கும்பகோணம்: சாவு வீட்டில் பெண்கள் மயங்கி விழுந்தால் சோடா கொடுத்து விசிறிப் படுக்க வைப்போம். தப்பா?

அழுது களைத்த மயக்கமானால் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சீக்கிரம் தெளிந்துவிடும். நெஞ்சில் அழுத்தம், மூச்சு வாங்குவது, குப்பென்று வியர்ப்பது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது, இதில் ஒன்று இருந்தாலும் சோடாவை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ‘வாயு’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் போக்குவதுதான் நம் பக்கத்துப் பெரிய தொல்லை. மனசு தாங்காமல் வந்ததா, அடைப்பா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. சொந்தக்காரர் இறந்த அன்றே நிஜ மாரடைப்பும் வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்க அங்கேயே மாத்திரை வைத்திருக்கிறார்கள். பெரியவர் காரியத்தை விட்டு எப்படி வருவேன் என்று அந்தம்மா அடம்பிடிப்பார். மகனோ மகளோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் உண்டு.

நாகப்பட்டினம்: எனக்கே வந்து குணமாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? திரும்ப வருமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தசை சரியாகச் சுருங்காத நாட்களில் உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அதனால் சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தருவார்கள். அதை எப்போது விடலாம் என்பதை எக்கோ பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். திரும்ப வருவது வருடத்துக்கு நூற்றில் இரண்டு பேருக்கு என்ற அளவில்தான். அப்படி வலித்தால் ‘போன தடவை அடைப்பு இல்லையே’ என்று வீட்டில் உட்காராதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப்போங்கள், பார்க்கிற டாக்டருக்கு முன்கதை தெரியும்.