சிப்பாயின் முழங்கால்

அன்புள்ள ஐயா,

வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. ஊரடங்குக் காலத்தில் தொடங்கி, மேசைப்போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். நெப்போலியனின் பிரெஞ்சுக் காலாட்படை அறுபது பேரை முடித்தாயிற்று. அடுத்து 1780 பொள்ளிலூர்ப் போர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் ஒரு பக்கம், ஹைதர் அலி படை மறுபக்கம். பிரெஞ்சுக்காரர்களுக்குச் செய்ததையேதான் செய்கிறேன். ஆனால் சிப்பாய்களின் தோல் சாம்பல் பூசியது போல வருகிறது. ஹைதரின் குதிரைக்காரர்களைப் பார்த்தால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? தவிர, கண்ணுக்கே தெரியாத பித்தானுக்கு இத்தனை நேரமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

க., பெங்களூரு

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் உண்டென்றால் அந்தக் கேள்வியை அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள்.

குதிரைக்காரர்கள் விஷயத்தில் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ‘பிரெஞ்சுக்காரர்களுக்குச் செய்ததையேதான்’ என்கிறீர்களே, அதுதான் தப்பு. அறுபது பேருக்கும் வரிசையாக நீலக் கோட்டு, பிறகு அறுபது பேருக்கும் வெள்ளை வார் என்று தீட்டியிருப்பீர்கள். சீருடைப் படைக்கு அது சரி. ஒரே மாதிரி இருப்பதுதான் அதன் அழகு. ஹைதரின் குதிரைப்படையிலோ சொந்தக் குதிரையோடும் சொந்த ஆயுதத்தோடும் வந்து சம்பளம் வாங்கிய சில்லாதார்கள் இருந்தார்கள். வீட்டில் இருந்ததை உடுத்திக்கொண்டு வந்தவர்கள். அதற்காகக் கடையிலுள்ள எல்லா நிறத்தையும் அள்ளிப் பூசினால் ஹோலி ஆகிவிடும். அந்தக் காலத்துத் துணிச்சாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள், சாயமேறாத பழுப்பு வெள்ளை. ஒவ்வொன்றிலும் புதுசு, வெளுத்தது என்று இரண்டு தினுசு கலந்துகொண்டால் எட்டு நிறம் ஆயிற்று. ஒருவன் தலைப்பாகையில் இருக்கும் நீலம் நாலாவது ஆளின் இடுப்புக் கச்சையில் வரட்டும். பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். ஐந்தைந்து பேராகத் தீட்டுங்கள், அறுபதாக அல்ல.

இனி தோல். வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை கலக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். வெளிநாட்டுப் பெட்டிகளில் ‘தோல் நிறம்’ என்று வருகிற இளஞ்சிவப்புக்கு அது ஒத்துப்போகும். நம் பழுப்பில் வெள்ளை விழுந்தால் விபூதிதான். செம்பழுப்பில் தொடங்குங்கள். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த அடர் பழுப்பை ஓடவிட்டால் பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்ததும், தொடங்கிய அதே செம்பழுப்பில் துளி ஆரஞ்சு, துளி மஞ்சள்காவி சேர்த்து மூக்கு நுனி, கன்னமேடு, முழங்கால். முழங்காலை மறந்துவிடாதீர்கள். அன்றைய மதராஸ் சிப்பாய் மேலே சிவப்புக் கோட்டும் கீழே வெள்ளை அரைக்கால் சட்டையுமாக, கால் தெரிய நின்றவன். பிரெஞ்சுக்காரனுக்கு முகமும் கையும்தான் தோல். இவனுக்குக் கால் முழுக்கத் தோல். மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு முகத்துக்கு முன்னால் கால்தான் தெரியும்.

இன்னொரு சின்ன வேலை, எனக்கு மிகப் பிடித்தது. சில சிப்பாய்களுக்கு நெற்றியில் நாமமோ திருநீற்றுக் கீற்றோ வையுங்கள். பிரஷ்ஷை நம்பாமல் குண்டூசி முனையால் தொடுங்கள். காலப்படி சரிதான். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தினுசுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று பின்னால் உத்தரவு போட்டதற்குத்தான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. தலைப்பாகை என்ன பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஆதாரத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை அரண்மனையான தரியா தௌலத் போய்வாருங்கள். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். சுவர் முழுக்கப் பொள்ளிலூர். நடுவில் சதுரமாக வளைந்து நிற்கும் கம்பெனிப் படை, பல்லக்கில் அதன் தளபதி பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி. எத்தனை முறை பார்த்தாலும் அந்த வண்டியிடம் நின்றுவிடுவேன். ஆனால் அதிலிருந்து நிறத்தை அப்படியே எடுக்காதீர்கள். திப்பு வரையச் சொன்ன ஓவியம் அழிக்கப்பட்டு, ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அங்கே தங்கியிருந்தபோது ஒருமுறையும், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடியும் எழுதப்பட்டது. ஆட்கள் நிற்கும் முறையை அங்கே பாருங்கள், சிவப்பை அல்ல. புலிவரி உடுப்பையும் இப்போது தொடவேண்டாம். அது திப்பு அரசரான பிறகு பேர்போனது. பொள்ளிலூரில் படை இன்னும் அப்பாவுடையது.

கடைசியாக நம் ஊர் மழை. போன ஆகஸ்டில் அல்சூர் வீட்டு மொட்டைமாடியில், தூறல் விட்ட பத்து நிமிடத்தில், இருபத்துநாலு உலோகச் சிப்பாய்களுக்கு வண்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சான பிரைமரை ஸ்பிரேயில் அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்துக்கு எல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துவிட்டது. நம் ஊரில் ஜூன் முதல் அக்டோபர் வரை பிரஷ்ஷால் பிரைமர் பூசுவதே உத்தமம். இதைப் படிப்பதற்குள் நீங்களும் அடித்துக் கெடுத்திருந்தால் ஒரு ராத்திரி டெட்டாலில் ஊறப்போடுங்கள். எடுத்ததும் தண்ணீரில் காட்டிவிடாதீர்கள், பெயிண்ட் கோந்து மாதிரி திரண்டு ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே நனைத்த பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு. எங்கள் வீடு ஒரு வாரம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணந்தது.