வாசகர் கேள்வி: கணையப் புற்றுநோயும் சத்திரசிகிச்சை நிபுணரின் பணியும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் சத்திரசிகிச்சை நிபுணராக விரும்புகிறாள். அவளுடைய பெரியப்பாவுக்கு மஞ்சட்காமாலை கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நோய் முற்றிவிட்டதால் சத்திரசிகிச்சை செய்ய முடியாது என்றார்கள். இப்படிப்பட்ட நோயில் ஒரு நிபுணரால் என்னதான் செய்ய முடியும்?
– வாசகி, கொட்டகலை

பதில்: பெரியப்பாவுக்கு நேர்ந்ததே இந்நோயாளர்களில் பெரும்பாலோருக்கும் நேர்கிறது, நோய் கண்டறியப்படும் வேளையில் கட்டியை அகற்றக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேரே. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால், அப்பகுதியோடு முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் பித்தக்குழாயின் ஒரு பகுதியையும் அகற்றி, எஞ்சியவற்றைக் குடலுடன் மீண்டும் இணைக்கிறார்கள். 1935இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க நிபுணர் அலன் விப்பிளின் பெயராலேயே இச்சத்திரசிகிச்சை வழங்குகிறது.

1960களில் இதைச் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். இன்று அனுபவம் மிக்க நிலையங்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தனியொருவரின் கைத்திறனைவிட, ஒரே குழு ஒரே இடத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ததே இதற்குப் பெருங்காரணம் என்பேன். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஜோன் கெமரன் 2000க்கும் மேற்பட்ட விப்பிள் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கணையச் சத்திரசிகிச்சை மிக அரிதாகவே நடந்த ஆஸ்பத்திரிகளில் இறப்பு 16.3 வீதம், மிக அதிகமாக நடந்த ஆஸ்பத்திரிகளில் 3.8 வீதம்.

எனினும், கட்டியை முழுதாக அகற்றிய பின்னும் நோய் திரும்புவது வழக்கம். அதனால்தான் லிவர்பூலில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் நியோப்டோலெமொஸ் மருந்துப் பரிசோதனைகளை முன்னின்று நடத்தினார். 2004இல் வெளியான முடிவின்படி, சத்திரசிகிச்சைக்குப் பின் கீமோதெரபி பெற்றவர்களில் 21 வீதத்தினரும், பெறாதவர்களில் 8 வீதத்தினரும் ஐந்து ஆண்டுகள் உயிர்வாழ்ந்தனர். 2018இல் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு–கனேடிய ஆய்வு இதைவிடவும் நம்பிக்கை தந்தது. ஆகவே உங்கள் மகள் உடற்கூற்றியலோடு புள்ளிவிபரவியலையும் விரும்பிப் படிக்கட்டும்.

பாதை நீண்டது: மருத்துவப் பட்டம், உள்ளகப் பயிற்சி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் சத்திரசிகிச்சைப் பட்டப்பின் படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி. பேராதனை மருத்துவ பீடம் உங்களுக்குத் தொலைவில் இல்லை; முதலில் இசட் புள்ளியைப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நடுத்தர வயதைக் கடந்தவருக்கு வலியின்றிக் காமாலை கண்டு, உடலும் மெலிந்தால், அல்லது அண்மையில் புதிதாக நீரிழிவு வந்திருந்தால், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும்.