பத்துக்குப் பதினொரு அடி அறையை க்வில்ட் தைக்கும் அறையாக மாற்றுவது எப்படி?

சென்னையில் அடுக்குமாடி வீடு, மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதில் காலியான 10-க்கு 11 அடி அறை, மாமியாரின் கால் மிஷின், புதிதாக வாங்கிய ஜிக்ஜாக் மிஷின், இரண்டு பெரிய பெட்டி நிறையத் துணி. இவற்றை வைத்து அறையை எப்படி ஒழுங்கு செய்வது, முதலில் எந்த மாதிரி அலமாரி வாங்குவது, பார்க்க அழகாக என்ன செய்யலாம், கட்டிலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலமாரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சுவரைக் காலி பண்ணுங்கள்.

நானும் இதே ஊரில், உங்களுடையதைவிடச் சின்ன அறையில்தான் பல வருடங்களாக க்வில்ட், அதாவது பஞ்சு வைத்த ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கிறேன். ரவிக்கையோ சுடிதாரோ தைக்கிறவருக்கு மிஷினும் வெட்ட ஒரு மேஜையும் இருந்தால் வேலை ஓடிவிடும். க்வில்ட் அப்படி இல்லை. மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவது பாதி வேலைதான். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று முடிவு செய்வது மீதிப் பாதி. அந்த முடிவை மேஜைமேல் குனிந்துகொண்டு எடுக்க முடியாது. துண்டுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும், நீங்கள் ஆறேழு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தையலறை என்று இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் துணி அடுக்கிய அலமாரியைத்தான் காட்டுகின்றன. அந்தத் துணியை விரித்துப் பார்க்க இடம் எங்கே என்று தேடினால், பலவற்றில் இருக்காது.

இந்தச் சுவரை டிசைன் வால் என்பார்கள். செய்வது சுலபம். ஒரு அங்குல கனத்தில் தெர்மாகோல் பலகையோ இன்சுலேஷன் போர்டோ வாங்கி, அதன்மேல் வெள்ளை ஃபிளானல் துணியை இழுத்துப் பிடித்துப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். கைக்குழந்தையைச் சுற்றி வைக்கிற அதே மென்மையான ஃபிளானல்தான். அதன் பஞ்சுபோன்ற மேற்பரப்பு பருத்தித் துணியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை அளவுத் துண்டை வைத்து ஒருமுறை தடவிவிட்டால் குண்டூசி இல்லாமலே நிற்கும். ஆறடிக்கு ஆறடி கிடைத்தால் நல்லது, நாலடிக்கு ஆறடியாவது வேண்டும். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் அமைந்தால் இன்னும் நல்லது. ஹாலில் காபி டம்ளரோடு நடக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும், மூன்றாவது வரிசையில் அந்தப் பச்சை இடிக்கிறது என்று அப்போதுதான் புலப்படும். கூடவே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் தள்ளி நின்று பார்க்கும்போது வடிவம் எழும்பாது. அடர்த்தியும் வெளிர்மையும்தான் க்வில்டில் கோலத்தை எடுத்துக் காட்டும், நிறம் அதற்கு அப்புறம்தான்.

நம் ஊர் அறைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: சீலிங் ஃபேன். ஃபேன் இல்லாமல் மே மாதம் உட்கார முடியாது. ஓடவிட்டால் வெட்டி அடுக்கிய துண்டெல்லாம் பறக்கும், சுவரில் ஒட்டியதும் உதிரும். அறையின் நடுவில் இருக்கும் ஃபேனைத் துண்டு விரித்திருக்கும்போது நிறுத்திவிட்டு, மிஷினுக்குப் பின்னாலுள்ள சுவரில் முதுகுக்குக் காற்று வருகிறமாதிரி ஒரு வால் ஃபேன் மாட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளை விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டில் வைத்தால் போதும், பறக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். டியூப்லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால் மேஜைமேல் நிழல் வெட்டி வெட்டி ஓடும். கால் அங்குலத் தையல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே தைக்கும்போது பத்து நிமிஷத்தில் தலை வலிக்கும். விளக்கு ஃபேனுக்குக் கீழே, சுவரில், உங்கள் இடது தோளுக்கு மேலே இருக்கட்டும். மஞ்சள் வெளிச்சம் வேண்டாம், அதில் வெள்ளையும் சந்தன வெள்ளையும் ஒன்றாகவே தெரியும். 4000 முதல் 5000 கெல்வின் வரையுள்ள எல்இடி, அதுவும் அட்டையில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நிறம் உள்ளபடியே தெரியும்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கு ஜன்னல் என்றால் வெயிலே வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால் அது முழு உண்மை இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சி வெயிலே வடக்குப் பக்கமாகச் சாயும். எந்தத் திசையானாலும் வெள்ளை மல் துணியில் ஒரு திரை போடுங்கள். துணி அடுக்கை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், மடிப்பு ஓரம் மட்டும் வெளுத்துப்போய்க் கோடு விழும்.

இனி மிஷின். மாமியாரின் கால் மிஷினை விற்றுவிடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். க்வில்ட் தைக்கிறவர்கள் தச்சரை வைத்து மேஜையில் ஓட்டை போட்டு, மிஷினை உள்ளே இறக்கி, மேஜைப் பரப்பும் மிஷின் பரப்பும் ஒரே மட்டமாக இருக்கும்படி செய்துகொள்கிறார்கள். அந்த மட்டம் கால் மிஷினில் பிறப்பிலேயே இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்றால், இரட்டைக் கட்டில் அளவு க்வில்ட் நல்ல கனம். அது மேஜை விளிம்பில் தொங்கினால் தன் கனத்தாலேயே துணியை இழுக்கும், தையல் ஓரிடத்தில் குட்டையாகவும் ஓரிடத்தில் நீளமாகவும் விழும். துணியை நகர்த்தும் மிஷின் பல்லோடு மல்லுக்கட்டுகிற வேலையெல்லாம் மிஷினின் குறை என்று நினைப்போம், உண்மையில் தாங்க இடம் இல்லாததுதான் காரணம்.

கால் மிஷினுக்கு இன்னொரு நன்மை, நேர்த்தையல் மட்டும் போடுவதால் அதன் தகட்டில் ஊசித்துளை சின்னது. ஜிக்ஜாக் மிஷினின் துளை அகலமாக இருக்கும். முக்கோணத் துண்டின் கூர்முனையை அதில் வைத்துத் தைக்க ஆரம்பித்தால் ஊசி அந்த முனையைக் கீழே தள்ளிவிடும், நூல் சிக்கும். துண்டு இணைக்கிற வேலையைக் கால் மிஷினிலும், ஓரம் கட்டுவதையும் அலங்காரத் தையலையும் ஜிக்ஜாக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ‘ட’ வடிவில் போட்டு நடுவில் ஒரு சுழல் நாற்காலி, கை வைக்கும் கட்டை இல்லாதது. மிஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் தாங்க இடம் வேண்டும். தனி மேஜை வாங்கவேண்டிய அவசியமில்லை, மிஷின் உயரத்துக்குச் சரியாக வருகிற எந்தப் பெட்டியும் போதும்.

வெட்டும் மேஜை சமையல் மேடை உயரத்தில் இருக்கட்டும், 34 முதல் 36 அங்குலம். சாப்பாட்டு மேஜையில் ரோட்டரி கட்டர் என்கிற வட்டக் கத்தியை உருட்டி வெட்டினால் இடுப்பு போய்விடும். பழைய மேஜையாக இருந்தால் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். அந்தக் கட்டருக்கு அடியில் விரிக்கும் 24-க்கு 36 அங்குல வெட்டுப்பாய் பரப்ப இடம் வேண்டும். அந்தப் பாயின்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். ஒருமுறை வளைந்தால் நிமிராது.

இஸ்திரி. வழக்கமான இஸ்திரி போர்டு சட்டைக்கு ஏற்றது, க்வில்டுக்குக் குறுகல். இரண்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, மேலே கெட்டிப் பருத்தித் துணியை இழுத்து ஆணி அடித்துவிட்டால் நல்ல இஸ்திரிப் பலகை. ஜன்னலோரம் ஒரு தாழ்வான அலமாரிமேல் அதை வைத்துக்கொள்ளலாம். நீராவிப் பெட்டி 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அறையில் இருக்கிற சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனில் வரவும் கூடாது. அறையில் பெயின்ட் அடிக்கிறதாக இருந்தால் அதற்கு முன்பே எலெக்ட்ரீஷியன் வந்து போகட்டும்.

துணிக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு விதிதான், ஆனால் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: துவைக்காத துணி அறைக்குள் வரக்கூடாது. சுங்குடி, கைத்தறி, சாயத்துணி எதுவானாலும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் அலமாரி. நம் துணிகள் சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாலே எது சாயம் விடும் என்று தெரிந்துவிடும். முடிந்த க்வில்டை முதல்முறை நனைக்கும்போது வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு இறங்குவதைவிட மனசு விட்டுப்போகிற விஷயம் இந்த வேலையில் வேறில்லை.

வெட்டும்போது துணி நழுவாமல் இருக்கக் கஞ்சி போடுவோம். அதை வெட்டுவதற்குச் சற்று முன் போட்டால் போதும். கஞ்சித் துணியை மடித்து வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து, அது மாவுச்சத்தைத் தேடித்தான் வரும். அலமாரித் தட்டில் வசம்பு போட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், நாப்தலீன் வாசனை துணியில் ஏறிவிடுவதால் எனக்குப் பிடிக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் துணியை இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காதீர்கள். கொஞ்சம் ஈரம் உள்ளே தங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். மழை விட்டதும் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.

மடிப்பதற்கு 6 அங்குல அகல ஸ்கேல் போதும். துணியை அதன்மேல் சுற்றி உருவினால் எல்லாம் ஒரே அகலத்தில் வரும், புத்தகம்போல நிறுத்தி வைக்கலாம். நிற வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் வெளிரில் தொடங்கி அடர்த்திவரை. ஓரிரு மாதத்தில், உங்களிடம் நீலம் குவிந்திருப்பதும் வெளிர் நிறமே இல்லாததும் கண்ணுக்குத் தெரியும். அடுத்த தடவை சவுகார்பேட்டைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்பதை அலமாரியே சொல்லிவிடும். தைத்துக்கொண்டிருக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டுப்புடவை அட்டைப்பெட்டி. வெட்டிய துண்டு, நூல், கைவரைபடம் எல்லாம் அதற்குள், பக்கவாட்டில் பெயர். உடைந்த ஊசி, தேய்ந்த பிளேடு போட ஒரு பழைய மாத்திரை டப்பா மிஷின் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். அந்த அறையில் வெறுங்காலோடுதான் நடப்போம்.

அழகுபடுத்துவதைப் பற்றி. சுவருக்கு வெள்ளையோ மிக வெளிர் சாம்பலோ அடியுங்கள். பச்சையோ ரோஸோ அடித்தால் அந்த நிறம் துணிமேல் விழுந்து கணக்கைக் குழப்பும். அலங்காரப் பொருள் எதுவும் கடையில் வாங்காதீர்கள், இந்த அறைக்குத் தேவையான நிறம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. எந்த க்வில்டிலும் சேராமல் தனியாக நின்றுபோன கட்டங்களை மிஷின் உறையாக, நாற்காலித் திண்டாகத் தையுங்கள். சின்ன க்வில்ட் ஒன்றின் பின்பக்க மேல் ஓரத்தில் 4 அங்குல அகலத்தில் துணிக் குழாய் தைத்து, அதற்குள் திரைக்கம்பியை நுழைத்து மாட்டினால் சுவர் நிறைந்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாட்டுங்கள், துணிக்கும் ஓய்வு கிடைக்கும். ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மாட்டி, அதில் சிக்குக் கோலம் போட்டுப் பழகுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கையெடுக்காமல் ஒரே இழையாக ஓடும் கோலம், நூலை அறுக்காமல் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க அப்படியே பொருந்தும்.

அறை சிறியது என்ற கவலை வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா ஆற்று வளைவில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளை வைத்து, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்த க்வில்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006-இல் அந்த நாட்டுத் தபால்தலையிலும் ஏறின. அவர்கள் யாரும் தையலறை வைத்திருந்தவர்கள் இல்லை. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் க்வில்டை விரித்துக் கட்டும் மரச்சட்டத்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் கூரைக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஊஞ்சல் கொக்கி இருக்கிற வீட்டில் நாமும் அதைச் செய்யலாம்.

கடைசியாகக் கட்டில். எடுத்துவிடுங்கள். மூன்று அடுக்கையும் விரித்துச் சுருக்கமில்லாமல் ஊக்கு குத்த, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு என்ற கணக்கில், வெறும் தரை வேண்டும். கட்டில் போனால்தான் அந்தத் தரை கிடைக்கும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்து, மேலே பஞ்சு விரிப்புச் சுருளை நசுங்காமல் வையுங்கள். மகள் லீவுக்கு வந்தால் மெத்தையைத் தரையில் விரித்துக் கொடுங்கள். நீங்கள் தைக்கும் முதல் பெரிய க்வில்டை அந்த மெத்தை அளவுக்கே, அவளுக்கே தையுங்கள். எந்த நிறம் வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்தால் துணி சேர்க்க நேரம் இருக்கும்.