விமானத்தில் ஒரே வேலைக்கு மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் எதற்கு?

எண்ணெயின் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஏற்பாடுதான் ஹைட்ராலிக். ஒரு பாகம் கைவிட்டால் அதன் வேலையைச் செய்ய இன்னொன்றைத் தயாராக வைப்பதைத்தான் ரிடண்டன்சி என்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு பம்ப் நூறில் ஒரு தடவை பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பம்ப் இருந்தால், இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு 10,000-இல் ஒன்று. ஆனால் ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதைத் தொடக்கூடாது. அப்போதுதான் இந்தக் கணக்கு நிற்கும்.

வீட்டின் மாற்றுச் சாவியை அதே கொத்தில் கோத்து வைத்தால் என்ன ஆகும்? சாவி இரண்டு, தொலைவது ஒரே தடவை.

1989 ஜூலையில் அமெரிக்காவில் யுனைடெட் 232 என்ற டிசி-10 விமானத்துக்கு நடந்தது இதுதான். இறக்கையிலும் வாலிலும் உள்ள, விமானத்தைத் திருப்பும் பலகைகளை அசைக்க அதில் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. ஆனால் வால் பகுதியில் மூன்றின் குழாய்களும் அருகருகே ஓடின. வால் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியதில் மூன்றிலும் எண்ணெய் போய்விட்டது. மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் ஸூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள் (அதுவே பெரிய சாதனை). இறங்கும்போது விமானம் நொறுங்கியது; இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அப்புறம்தான், கசிவு வந்தால் ஓர் அமைப்பிலாவது எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வால்வைப் பொருத்தினார்கள்.

கூடுதலாக ஒன்று இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியில் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.